பதவி உயர்வு வந்தாச்சு, முதலில் எந்தப் புத்தகம்?

அக்கா மகன் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். போன மாதம் அவனை ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். கீழே 14 பேர். அதில் இரண்டு பேர் அவனுக்கு மிஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள். நேற்று வரை "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று போய் நின்றவன், இன்றைக்கு அவர்களுடைய லீவு லெட்டரில் கையெழுத்துப் போட வேண்டும்.

இரவு பத்து மணிக்குப் போன் செய்தான். "மாமா, ஆன்லைன்ல அஞ்சு புக்கு எடுத்து வச்சிருக்கேன். எல்லாத்தையும் படிக்க நேரம் கிடைக்காது. எதை முதல்ல வாங்கறது?"

அவன் எடுத்து வைத்திருந்தவை இவை: ஆண்ட்ரூ குரோவின் 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்', எலியாஹு கோல்ட்ராட்டின் 'தி கோல்', பீட்டர் டிரக்கரின் 'தி எஃபெக்டிவ் எக்ஸிக்யூட்டிவ்', ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்', பென் ஹோரோவிட்ஸின் 'தி ஹார்ட் திங் அபவுட் ஹார்ட் திங்ஸ்'. நிர்வாகம் பற்றிப் படிக்க யாரிடம் யோசனை கேட்டாலும் சுற்றிச் சுற்றி வருகிற பெயர்கள்தான். ஐந்தில் மோசமான புத்தகம் என்று எதுவும் இல்லை. ஆனால் வரிசை தப்பினால் நல்ல புத்தகமும் நாற்பதாம் பக்கத்தோடு நின்றுவிடும்.

இது எனக்கே நடந்தது. நான் முதன்முதலாக ஆள் மேய்க்கும் வேலைக்கு வந்தபோது வாங்கியது 'குட் டு கிரேட்'. ஒரு கம்பெனி எப்படி நன்று என்ற நிலையிலிருந்து மகத்தானது என்ற நிலைக்குப் போகிறது என்று ராத்திரி கண்விழித்துப் படித்தேன். காலையில் போய்ப் பார்த்தால் எட்டுப் பேரில் மூன்று பேர் வரவில்லை, வாசலில் லாரி சரக்குக்காக நிற்கிறது. ராத்திரி படித்ததில் ஒரு வரிகூட அந்த லாரிக்கு உதவவில்லை. கல்யாணச் சமையலின் அளவை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கு ரசம் வைக்கிற மாதிரி ஆகிவிட்டது.

அதனால் அவனுக்காக இந்த ஐந்தையும் ஒப்பிட்டபோது நான் வைத்த முதல் கேள்வி, நாளைக்குக் காலை ஷிஃப்டில் இவன் வேறுமாதிரி செய்ய ஏதாவது இதில் இருக்கிறதா என்பதுதான். எழுதியவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதெல்லாம் அப்புறம்.

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவாகப் பதில் சொல்வது குரோவின் புத்தகம். ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவுக்கு அகதியாக வந்து, கம்ப்யூட்டர் சிப் செய்யும் இன்டெல் 1968-ல் தொடங்கிய நாளிலிருந்தே அங்கே இருந்தவர் அவர். 1983-ல் இதை எழுதும்போது அந்தக் கம்பெனியின் உச்சியில் இருந்தார். ஆனால் புத்தகம் ஆரம்பிப்பது ஒரு காலை உணவில். மூன்று நிமிடம் வேகவைத்த முட்டை, வெண்ணெய் தடவிய டோஸ்ட், காபி. மூன்றும் சூடாக, ஒரே நேரத்தில் மேசைக்கு வர வேண்டும். எது அதிக நேரம் எடுக்கிறதோ, அதாவது முட்டை, அதை மையமாக வைத்து மற்ற இரண்டையும் எப்போது தொடங்குவது என்று பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். நம் வீட்டில் அப்பளத்தை முதலில் பொரித்துவிட்டு அப்புறம் உலையை வைக்கிறவர் யாராவது உண்டா? அதே சங்கதிதான். அதை வைத்தே சிப் உற்பத்தி, ஆள் எடுப்பது, விற்பனைப் பயிற்சி எல்லாவற்றையும் அவர் விளக்கிக்கொண்டு போகிறார்.

புத்தகத்தின் அச்சாணி ஒரு சின்னக் கணக்கு. ஒரு மேனேஜரின் உற்பத்தி என்பது அவருடைய குழுவின் உற்பத்தியும், அவர் சொல்லுக்கு மதிப்புள்ள பக்கத்துக் குழுக்களின் உற்பத்தியும் சேர்ந்தது. அவர் கையால் எத்தனை பீஸ் ஓட்டினார் என்பது அதில் வராது. படிக்கும்போது இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் நன்றாக வேலை செய்ததற்காகவே மேலே ஏற்றப்பட்ட ஒருவனுக்கு இதைப் போலக் கசக்கிற உண்மை வேறு இல்லை. "மிஷின் பக்கம் போனா கை சும்மா இருக்க மாட்டேங்குது மாமா" என்றான் இவன். அவன் அரை மணி நேரம் ஒரு மிஷினில் நின்றால் அந்த ஒரு மிஷின் நன்றாக ஓடும். மிச்ச 13 பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆள் இருக்காது.

குரோவ் சொல்வதிலேயே எனக்கு மிகவும் உதவியது தனிச் சந்திப்பு. கீழே வேலை செய்கிற ஒவ்வொருவரோடும் குறிப்பிட்ட இடைவெளியில் தனியாக உட்கார்ந்து, குறைந்தது ஒரு மணி நேரம் பேச வேண்டும். அது மேனேஜரின் கூட்டம் அல்ல, கீழே இருப்பவருடைய கூட்டம். என்ன பேச வேண்டும் என்பதை அவர்தான் எழுதிக்கொண்டு வர வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கொடுத்தால், அது எதிரில் இருப்பவரின் எண்பது மணி நேர வேலையை மேம்படுத்தும் என்பது அவர் கணக்கு.

நம் ஊரில் இது அப்படியே நடக்காது, அதையும் சொல்லியாக வேண்டும். இங்கே தனியாகக் கூப்பிட்டாலே, "என்ன தப்பு பண்ணோம்?" என்றுதான் உள்ளே வருவார்கள். கேபினில் நாற்காலியைக் காட்டினால் பாதிப் பேர் உட்கார மாட்டார்கள். என்ன பேசலாம் என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல சார், எல்லாம் நல்லா போகுது" என்பார்கள். நான் முதல் முறை முயன்றபோது 60 நிமிடக் கூட்டம் நான்கே நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் கேபினை விட்டுவிட்டு டீ நேரத்தில் கேட் வரைக்கும் ஒவ்வொருவரோடும் நடக்க ஆரம்பித்தேன். நடக்கும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு தானாக வந்தது. மூன்றாவது, நான்காவது முறையில்தான் உண்மையான விஷயம் வெளியே வரும். குரோவ் சொன்ன ஒரு மணி நேரத்தை ஷிஃப்ட் ஆட்களிடம் எதிர்பார்க்க முடியாது, பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. ஆனால் இது அவர்களுடைய நேரம் என்ற அடிப்படை மட்டும் மாறக் கூடாது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது, அது அந்த இரண்டு 'அண்ணன்'களுக்கு நேராகப் பொருந்தும். ஒருவரை நெருங்கிக் கவனிப்பதா, அவர் போக்கில் விடுவதா என்பதை அவருடைய வயதோ சர்வீஸோ தீர்மானிப்பதில்லை. அந்தக் குறிப்பிட்ட வேலையில் அவருக்கு எவ்வளவு பழக்கம் என்பதுதான் தீர்மானிக்கிறது. 20 வருடம் மிஷின் ஓட்டிய அண்ணனிடம் போய் மிஷினைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தால் அது அவமானம். அதே அண்ணனைப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் பதிவில் தனியாக விட்டால் அதுவும் கொடுமை. ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு வேலைக்கு இரண்டு அணுகுமுறை. இது தெரியாமல் சீனியர் என்பதால் ஒன்றும் கேட்காமல் விட்டு, ஆறு மாதம் தப்புத் தப்பாகப் பதிவான கணக்கை நான் ஒருமுறை உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன்.

ஒருவர் வேலையைச் செய்யவில்லை என்றால் குரோவ் கேட்கச் சொல்லும் கேள்வி இன்னும் கறாரானது. உயிரே போகும் என்ற நிலை வந்தால் அவரால் இதைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் மனம் ஒட்டவில்லை என்று அர்த்தம். முடியாது என்றால் கற்றுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். பயிற்சி கொடுப்பது மேனேஜரின் சொந்த வேலை, வேறு துறையிடம் தள்ளிவிடக் கூடாது என்பதற்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறார். நான்கு வகுப்பு எடுக்க மொத்தம் 12 மணி நேரம் செலவு. பத்துப் பேர் உட்கார்ந்தால் அவர்கள் அடுத்த ஒரு வருடத்தில் சுமார் 20,000 மணி நேரம் வேலை செய்வார்கள். அதில் ஒரே ஒரு சதவீதம் மேம்பட்டாலும் 200 மணி நேரம் லாபம்.

குறை இல்லாமல் இல்லை. அப்ரைசல் பற்றிய பகுதிகள், இன்க்ரிமென்ட் விஷயத்தில் வாயே திறக்க முடியாத ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு இப்போதைக்கு உதவாது. நடை எளிமைதான், ஆனால் விஷயம் அடர்த்தி. ஒரே மூச்சில் படித்தால் தலையில் நிற்காது. கடைசியில் அவரே வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். செய்ய வேண்டிய காரியங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறார், 100 மதிப்பெண் சேர்த்தால் தெளிவாக முன்னேறிவிடுவாய் என்கிறார். சுலபமானதை எல்லாம் செய்துவிட்டு 70 அருகே நின்றுவிட்டவன் நான்.

'தி கோல்' வேறு ஜாதி. 1984-ல் வந்த நாவல். எழுதிய கோல்ட்ராட் இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர், ஜெஃப் காக்ஸ் என்பவர் கூட எழுதியிருக்கிறார். அலெக்ஸ் ரோகோ என்ற தொழிற்சாலை மேலாளருக்கு மூன்று மாதக் கெடு, அதற்குள் சரிசெய்யாவிட்டால் ஆலையை மூடிவிடுவார்கள். வீட்டில் மனைவி கோபித்துக்கொண்டு போகிறாள். அவனுடைய பழைய இயற்பியல் ஆசிரியர் ஜோனா, பதிலே சொல்லாமல் கேள்வியாகக் கேட்டு அவனைக் கொல்கிறார்.

இதில் யாரும் மறக்காத இடம், மகனின் சாரணர் படையோடு போகும் மலை நடை. ஹெர்பி என்ற பையன் மெதுவாக நடக்கிறான். வரிசை நீண்டுகொண்டே போகிறது. முன்னால் போகிறவன் எவ்வளவு வேகமாகப் போனாலும், படை போய்ச் சேரும் நேரத்தை ஹெர்பிதான் தீர்மானிக்கிறான். கடைசியில் அவனை முன்னால் விட்டு, முதுகுப் பையில் இருக்கும் சுமையை மற்றவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். திரும்பி வந்து ஆலையைப் பார்த்தால் அங்கும் ஹெர்பிகள் நிற்கிறார்கள். ஒரு மிஷின், அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட் உலை. அந்த இடத்தில் ஒரு மணி நேரம் போனால் மொத்த ஆலைக்கும் ஒரு மணி நேரம் போனதாகக் கணக்கு. வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கிற நேரம் வெறும் கானல் நீர்.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவனுக்கு இந்தப் புத்தகம் கொடுக்கிற கண் பெரிது. ஷாப் ஃப்ளோரில் எந்த மிஷினுக்கு முன்னால் சரக்கு மலையாகக் குவிந்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். எல்லா மிஷினும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தால் நல்லது என்ற நம்பிக்கை உடையும். ஐந்தில் இங்கிலீஷும் இதுதான் சுலபம். 300 பக்கத்துக்கு மேல் இருந்தாலும் பேச்சும் கதையுமாகப் போகும்; தமிழ் மீடியத்தில் படித்து டிப்ளமோ முடித்தவன் அகராதி இல்லாமலே படித்துவிடலாம்.

ஆனால் இதில் மனிதர்கள் கொஞ்சம் சொன்னபடி கேட்கிறார்கள். யாருக்கும் மாமனார் இறப்பதில்லை, சம்பளம் பற்றாமல் யாரும் முணுமுணுப்பதில்லை, நேற்றுவரை நண்பனாக இருந்தவன் இன்று முகம் திருப்பிக்கொள்வதில்லை. அதனால்தான் குரோவுக்கும் இதற்கும் நடுவில் முடிவெடுப்பது, தலைவலி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சரக்கு நகரவில்லை என்றால் கோல்ட்ராட். ஆட்கள் நகரவில்லை என்றால் குரோவ். இவனிடம் கேட்டேன், "ராத்திரி தூக்கம் வராம எதை நினைச்சுக்கிட்டு இருக்கே?" அவன் மிஷின் பேரைச் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரின் பேரைத்தான் சொன்னான்.

டிரக்கருக்கு வருவோம். ஐந்தில் எனக்கு அந்தரங்கமாகப் பிடித்தது இதுதான், ஆனாலும் இவனுக்கு முதலில் சிபாரிசு செய்யவில்லை. 1967-ல் வந்தது, 200 பக்கம்கூட இல்லை. மற்றவர்களை நிர்வகிப்பதைப் பற்றி இது அதிகம் பேசுவதில்லை. உன்னை நீ நிர்வகி என்கிறது, அதுவும் நேரத்திலிருந்து தொடங்கு என்கிறது. நேரம் எங்கே போகிறது என்று நினைவிலிருந்து சொல்லாதே, அந்தந்த நேரத்தில் எழுதிவை என்கிறது. ஒரு நிறுவனத் தலைவரின் கதை அதில் வரும். மூத்த அதிகாரிகளோடு ஒரு பங்கு, முக்கிய வாடிக்கையாளர்களோடு ஒரு பங்கு, ஊர்க் காரியங்களுக்கு ஒரு பங்கு என்று தன் நேரத்தை மூன்றாகப் பிரித்திருப்பதாக அவர் உறுதியாக நம்பினார். ஆறு வாரம் குறித்துப் பார்த்தால் மூன்றுக்குமே ஏறக்குறைய நேரம் போகவில்லை. தனக்குத் தெரிந்த வாடிக்கையாளர்களின் ஆர்டர் எங்கே நிற்கிறது என்று ஆலைக்குப் போன் போட்டு நச்சரிப்பதிலேயே பொழுது கழிந்திருந்தது.

இதைப் படித்த மறுநாள் நானும் ஒரு சின்ன நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் நோட்டை மூடிவிட்டேன், பார்க்கச் சகிக்கவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் பற்றி டிரக்கர் சொல்லும் சம்பவமும் இதில்தான் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் இதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்போம், மாற்றுக் கருத்து உருவாக நமக்கு நேரம் கிடைக்கட்டும் என்றாராம் ஸ்லோன். "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்" என்ற குறளுக்கு, அதாவது இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன் கெடுக்க ஆள் இல்லாமலே கெடுவான் என்பதற்கு, இதைவிட நல்ல கார்ப்பரேட் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. (குறளைச் சொன்னதும் என் நண்பர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். பொருட்பாலில் 70 அதிகாரம் இருக்க, வெள்ளைக்காரன் புத்தகம் எதற்கு என்று சண்டைக்கு வருவார். தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஆள் தேர்வைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருப்பது தெரியும். ஆனால் குறள் முடிவைச் சொல்லும், செவ்வாய்க்கிழமை பத்து மணிக் கூட்டத்தை எப்படி நடத்துவது என்று சொல்லாது. அதற்காக அது எழுதப்படவும் இல்லை.)

டிரக்கரை இவன் தள்ளிப்போடக் காரணம், அவர் பேசுவது தன் நேரத்தின் மீது ஓரளவு அதிகாரம் உள்ளவரிடம். எதை விடலாம் என்று தீர்மானிக்க முடிந்தவர்களுக்கு அது பொக்கிஷம். ஷிஃப்ட் சைரன் ஊதினால் ஓட வேண்டியவனுக்கு, எதையும் விட முடியாதே என்ற எரிச்சல்தான் வரும். சொற்களும் சிக்கனம், ஒவ்வொரு பத்தியையும் மென்று விழுங்க வேண்டும். ஒரு வருடம் அடிபட்ட பிறகு படித்தால் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு விழும்.

'குட் டு கிரேட்' பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன், என் முதல் தேர்வு என்ற கோபமும் சேர்ந்திருக்கலாம். 2001-ல் வந்தது. 1,435 நிறுவனங்களிலிருந்து வடிகட்டி, 15 வருடப் பங்குச்சந்தை வருமானத்தை வைத்து 11 நிறுவனங்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றுக்குப் பொதுவாக என்ன இருந்தது என்று ஆராய்ந்தார் காலின்ஸ். பணிவும் பிடிவாதமும் சேர்ந்த தலைவர், முதலில் சரியான ஆட்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டு அப்புறம் எங்கே போவது என்று முடிவெடுப்பது போன்ற கருத்துகள் அதிலிருந்து வந்தவை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 11-ல் ஒன்றான சர்க்யூட் சிட்டி என்ற எலெக்ட்ரானிக்ஸ் கடை நிறுவனம் 2008-ல் திவாலானது. இன்னொன்றான ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை அதே ஆண்டு அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. பட்டியலில் இருந்த வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் கணக்குத் திறந்த விவகாரம் 2016-ல் வெடித்தது.

கம்பெனி பின்னால் விழுந்ததற்காகப் புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது, மனிதர்களும்தான் விழுகிறார்கள். சிக்கல் முறையில் இருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்த பிறகு, ஏன் ஜெயித்தார்கள் என்று பின்னோக்கித் தேடினால் அவர்கள் செய்த எல்லாமே நல்ல குணமாகத்தான் தெரியும். லாபம் வந்தால் அது துணிச்சல், நஷ்டம் வந்தால் அதே காரியம் திமிர். ஃபில் ரோசன்ஸ்வைக் 2007-ல் எழுதிய 'தி ஹேலோ எஃபெக்ட்' இதைத்தான் போட்டு உடைக்கிறது. அதில் 1970-களில் பேரி ஸ்டா என்ற ஆய்வாளர் செய்த ஒரு சோதனை வரும். சில குழுக்களுக்கு ஒரு வேலை கொடுத்து, உண்மையான மதிப்பெண்ணைப் பார்க்காமல், சிலரிடம் நன்றாகச் செய்தீர்கள் என்றும் சிலரிடம் மோசம் என்றும் குருட்டாம்போக்கில் சொன்னார்கள். நன்றாகச் செய்ததாகக் கேள்விப்பட்டவர்கள், எங்கள் குழுவில் ஒற்றுமை இருந்தது, மனம்விட்டுப் பேசினோம் என்றார்கள். மற்றவர்கள் நேர்மாறாகச் சொன்னார்கள். நம் ஊரில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் அம்மாவிடம் காலையில் என்ன டிபன் என்று மைக்கை நீட்டுவார்களே, அதன் ஆராய்ச்சி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலின்ஸைப் படிக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். படித்தால் ரோசன்ஸ்வைக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், ஒன்று மருந்தென்றால் மற்றது பத்தியம். ஒரு பிரிவையோ கம்பெனியையோ நடத்துகிற நிலைக்கு வந்தவர்களுக்கு அந்த ஜோடி பயன்படும். 14 பேரைப் பார்த்துக்கொள்பவனுக்கு, பேருந்தில் யாரை ஏற்றுவது என்ற தேர்வே கிடையாது. ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருப்பவர்களோடுதான் பயணம்.

ஹோரோவிட்ஸ் சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கானவர். லவுட்கிளவுட் என்ற கம்பெனியை இன்டர்நெட் வீழ்ச்சிக் காலத்தில் காப்பாற்றி, ஆப்ஸ்வேர் என்று மாற்றி, 2007-ல் எச்பி நிறுவனத்திடம் 160 கோடி டாலருக்கு விற்றவர். ஆட்களை வேலையைவிட்டு அனுப்புவது, நண்பனைப் பதவி இறக்குவது என்று யாரும் எழுதக் கூச்சப்படுவதை எழுதியிருக்கிறார். மாதக் கடைசியில் சம்பளம் போடப் பணம் இல்லாமல் தவித்த அனுபவம் இருந்தால் கண்ணீர் வரும். சம்பளம் வாங்குகிறவனுக்கு அது நல்ல சினிமா. (குரோவின் புத்தகம் 2015-ல் மறுபடி வந்தபோது முன்னுரை எழுதியவரும் இவர்தான்.)

ஆக அவனிடம் சொன்னது: இப்போது குரோவை மட்டும் வாங்கு. வாரத்துக்கு ஓர் அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஷிஃப்டில் ஒரு காரியம் செய்து பார். நான்கு மாதம் கழித்து, ஆட்களோடு பேச்சு சரியான பிறகு, கோல்ட்ராட். அடுத்த வருடம் இந்த நேரம் டிரக்கர். மற்ற இரண்டும் இப்போது வேண்டாம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி மாமா" என்று வைத்துவிட்டான். மறுநாள் அக்கா போன் செய்தாள். "ஏன்டா, அந்த 'கிரேட்'னு ஏதோ புக்கு பாதி விலைக்கு வந்துச்சாமே. நீ வேண்டாம்னுட்டியாம். புலம்பிக்கிட்டே இருக்கான்."